8.4 விழுக்காடு எடை குறைந்த பாலித்தீன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கழிவு நெகிழியைப் பிரித்து விற்கும் சிறு நிறுவனம் ஒன்று, கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையை அணுகியது. பாட்டிலுக்கு வாங்க ஆள் உண்டு, கெட்டியான டப்பாக்களுக்கும் உண்டு. அச்சடித்த, அழுக்கேறிய மெல்லிய பாலித்தீன் உறைகளை மட்டும் யாரும் தொடுவதில்லை. அவற்றைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா கிடைக்குமா என்பது அவர்களின் கேள்வி. கிடைத்தால் 200 லிட்டர் தொட்டி ஒன்றை அமைக்கும் செலவை ஏற்பதாகவும் சொன்னார்கள்.

துறையில் இதற்கு மூன்று பேர் இருந்தனர்: மேற்பார்வை செய்த ஆசிரியர், முனைவர் பட்ட ஆய்வு மாணவி, ஆய்வக உதவியாளர். நெகிழி வேதியியலில் பயிற்சி பெற்றவர் குழுவில் இல்லை. நுண்ணுயிரியல் தெரிந்தால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பின்னால் நடந்தவற்றில் பாதிக்கு இதுவே வேர்.

முதல் சோதனை

பழைய குப்பைமேட்டில் புதைந்து கிடந்த உறைகளை ஒட்டியிருந்த மண் எடுக்கப்பட்டது. 10 கிராம் மண் 90 மி.லி. உப்புநீரில் (0.85 விழுக்காடு) கலக்கப்பட்டு, தெளிந்ததிலிருந்து 1 மி.லி. கரிமம் இல்லாத தாது ஊடகம் 100 மி.லி.யில் விடப்பட்டது. ஒரே கரிம மூலமாக 0.5 கிராம் பாலித்தீன் துண்டுகள் போடப்பட்டன. 30° செல்சியஸ், நிமிடத்துக்கு 120 சுற்று, நான்கு வாரம். இரண்டு முறை புது ஊடகத்துக்கு மாற்றியபின் நன்றாக வளர்ந்த ஒன்றைப் பிரித்தார்கள். அது வித்து உண்டாக்கும் கோல் வடிவ பாக்டீரியா. மரபணு வரிசை பாசில்லஸ் பேரினத்தைக் காட்டியது.

அடுத்தது 60 நாள் சோதனை. நிறுவனம் கொடுத்த நீல அச்சு போட்ட உறை 2 செ.மீ. சதுரங்களாக வெட்டப்பட்டது. ஒரு குடுவைக்கு 0.500 கிராம், அதாவது சுமார் 36 துண்டு. இருபுறமும் 30 நிமிடம் புற ஊதா ஒளியில் கிருமி நீக்கம். பாக்டீரியா சேர்த்த குடுவை மூன்று, சேர்க்காத ஒப்பீட்டுக் குடுவை மூன்று.

60ஆம் நாள் பாக்டீரியா இருந்த துண்டுகள் 2 விழுக்காடு எஸ்.டி.எஸ். (சோப்புப் போன்ற கழுவுபொருள்) கரைசலில் ஓர் இரவு ஊறின. உயிர்ப்படலத்தை (ஒட்டி வளர்ந்த பாக்டீரியா அடுக்கை) அகற்ற இது வழக்கமான முறை. பிறகு தண்ணீர், பிறகு 70 விழுக்காடு எத்தனாலில் 30 நிமிடக் குலுக்கல், பிறகு 50° அடுப்பில் உலர்த்தல். எடை சராசரியாக 0.458 கிராம், இழப்பு 8.4 விழுக்காடு. ஒப்பீட்டுத் துண்டுகளில் உயிர்ப்படலம் ஏதும் இல்லாததால் அவை தண்ணீரில் மட்டும் அலசப்பட்டன. அவற்றின் இழப்பு 1.2 விழுக்காடு.

வேறு மூன்று சான்றுகளும் திரட்டப்பட்டன. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் குழிகள் தெரிந்தன. அகச்சிவப்பு நிறமாலையில் 1,650, 1,540 செ.மீ.⁻¹ இடங்களில் புது முகடுகள் எழுந்திருந்தன. ஒரு மி.லி.யில் 6 கோடி செல்கள் இருந்தன. கருத்தரங்கு ஒன்றில் சுவரொட்டியாக இது வைக்கப்பட்டது. நிறுவனம் தொட்டிக்கு விலைப்பட்டியல் கேட்கத் தொடங்கியது.

கலங்காத குடுவை

துறைக் கூட்டத்தில் பாலிமர் வேதியியல் ஆசிரியர் ஒருவர் கேட்டது ஒரே கேள்விதான்: “நாற்பத்திரண்டு மில்லிகிராம் தின்ன பாக்டீரியா எங்கே போச்சு? குடுவை பால் மாதிரி கலங்கியிருக்கணுமே!”

அவருடைய கணக்கு கரும்பலகையில் நான்கே வரி. பாலித்தீன் எடையில் 85.7 விழுக்காடு கரிமம், எனவே 42 மி.கி. பாலித்தீனில் 36 மி.கி. கரிமம். அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகச் செல்லாக மாறினாலும் உலர் எடையில் 30 மி.கி. உயிர்ப்பொருள் சேர வேண்டும். 100 மி.லி.யில் அவ்வளவு இருந்தால் ஒளி அடர்த்தி (கலங்கலின் அளவு) 0.6 அல்லது அதற்கு மேல் போகும். செல்லாக மாறாமல் முழுவதும் எரிந்துபோயிருந்தால் 132 மி.கி. கார்பன் டை ஆக்சைடு வெளிவந்திருக்க வேண்டும், ஆனால் அதை அளக்கும் ஏற்பாடே செய்யப்படவில்லை. பதிவேட்டில் இருந்த ஒளி அடர்த்தியோ 0.06.

6 கோடி என்ற எண் பெரிதாகத் தெரிந்தாலும், ஒரு பாக்டீரியாவின் உலர் எடை ஏறத்தாழ 0.3 பிக்கோகிராம்தான். 100 மி.லி.க்கு மொத்தம் 2 மி.கி.யைத் தொடாது. 60 நாளில் செல்கள் செத்துக் கரைந்திருக்கலாம் என்று மாணவி சொன்ன பதில் தவறானதல்ல. ஆனால் வாராவாரம் எடுத்த அளவுகளில் ஒருமுறைகூட 0.1ஐத் தாண்டவில்லை.

அன்று மாலை பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோது, 60ஆம் நாள் பக்கத்தின் ஓரத்தில் உதவியாளர் பென்சிலில் எழுதிய குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது: “எத்தனால் நீலம். இரண்டு முறை மாற்றினேன்.” அவர் எழுதி வைத்திருந்தார். மற்ற இருவரும் அதைப் படித்தும் கடந்துபோயிருந்தார்கள்.

மீள்சோதனையில் கண்டவை

தொட்டி வேலையை நிறுத்திவைத்து, மறுபடியும் 60 நாள் செலவிட மேற்பார்வையாளர் முடிவு செய்தார். சுவரொட்டி ஏற்கனவே வெளியே போய்விட்ட நிலையில் இது எளிய முடிவல்ல. தொட்டி கட்டியபின் தெரிந்தால் நிறுவனத்தின் பணமும் போகும் என்பதே அவர் சொன்ன காரணம்.

இம்முறை குடுவைகள் இப்படி அடுக்கப்பட்டன: அச்சுள்ள படலம், அச்சில்லாத படலம் (அதே உறையின் வெற்றுப் பகுதி) என இரு வகை. ஒவ்வொன்றிலும் உயிருள்ள பாக்டீரியா, வெப்பத்தால் கொல்லப்பட்ட பாக்டீரியா, பாக்டீரியா இல்லாதது என மூன்று நிலை. இவற்றுடன் படலமே இல்லாமல் ஊடகமும் பாக்டீரியாவும் மட்டும் உள்ள குடுவைகள். எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே கழுவல், துண்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுப்பது. இந்த எண்ணிக்கை முன்பு இல்லை. ஒரு துண்டு 14 மி.கி., ஆகவே வடிகட்டும்போது ஒரே ஒரு துண்டு தவறினாலும் 2.8 விழுக்காடு “சிதைவு” கிடைத்துவிடும்.

அச்சுள்ள படலத்தில் உயிருள்ள பாக்டீரியாவுடன் இழப்பு 8.1 விழுக்காடு. கொல்லப்பட்டவற்றுடன் 7.4. பாக்டீரியாவே இல்லாமல், ஆனால் எஸ்.டி.எஸ்., எத்தனால் கழுவலோடு 7.1. அச்சில்லாத படலத்தில் முறையே 0.7, 0.6, 0.6. தராசும் கையாளுதலும் சேர்ந்து தரும் பிழை 0.3. ஆக, எடை குறைந்ததற்குக் காரணம் நீல மை. 35 மைக்ரான் தடிப்புள்ள படலம் ஒரு சதுர மீட்டருக்கு 32 கிராம்தான் இருக்கும். அதன்மேல் இரண்டு கிராம் உலர்ந்த மை இருந்தாலே மொத்த எடையில் அது 6 விழுக்காட்டைத் தொடும். இவ்வகை அச்சு மையின் பிணைப்பிகள் ஆல்கஹாலில் இளகக்கூடியவை, குலுக்கினால் உரிந்து வந்துவிடும். உயிருள்ள குடுவையில் கூடுதலாகப் போன முக்கால் விழுக்காடு, பாக்டீரியா மையின் பிடிப்பைச் சற்றுத் தளர்த்தியதால் இருக்கலாம். பாலித்தீனுக்கு அதில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை, ஏனெனில் அச்சில்லாத படலத்தில் அந்த வேறுபாடு காணவில்லை. அங்கே எல்லா நிலையிலும் போன சுமார் 0.6 விழுக்காடு, படலத்தின் மேற்பரப்புக்கு ஊறிவரும் எருக்கமைடு போன்ற வழுக்குப் பொருட்களும் சிறு மூலக்கூறுகளும் கழுவப்பட்டதன் விளைவு.

மற்ற சான்றுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. நிறமாலை, கழுவாத துண்டில் எடுக்கப்பட்டிருந்தது. 1,650, 1,540 இரண்டும் புரதத்தின் அமைடு முகடுகள், அதாவது துண்டின்மேல் ஒட்டியிருந்த பாக்டீரியாவே நிறமாலையில் தெரிந்தது. பாலித்தீன் உண்மையில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் 1,715 அருகே கார்போனைல் முகடு எழும். அது எழவில்லை. சூடான எஸ்.டி.எஸ்.ஸில் இருமுறை கழுவியதும் இரு முகடுகளும் மறைந்தன. இந்தத் துறையில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2017இல் மெழுகுப் பூச்சியின் புழுக்கள் பாலித்தீனைச் சிதைப்பதாக வந்த அறிக்கைக்கு அதே ஆண்டு மறுப்பு எழுந்தது. அதுவும் ஏறக்குறைய இதையே சொன்னது: படலத்தில் எஞ்சிய புழுவின் புரதமும் கொழுப்பும் அத்தகைய முகடுகளைத் தரும்.

குழிகள் புதுப் படலத்திலும் இருந்தன. விலை குறைக்கக் கலக்கும் சுண்ணாம்புத் தூள் துகள்கள் உதிர்ந்த இடங்கள் அவை. சுண்ணாம்பு கரைந்துதான் எடை குறைந்ததோ என்ற ஐயத்துக்காக அச்சில்லாத துண்டுகளை 600° செல்சியஸில் எரித்துச் சாம்பல் அளந்தார்கள். முன்னும் பின்னும் 6 விழுக்காடு, மாற்றமில்லை.

பாக்டீரியா எதைத் தின்று வளர்ந்தது? “கரிமம் இல்லாத” ஊடகத்தில் லிட்டருக்கு 0.1 கிராம் ஈஸ்ட் சாறு இருந்தது. வளர்ச்சியைத் தூண்ட ஆரம்பத்தில் சேர்த்தது, பின்னர் எடுக்க மறந்தது. அது குடுவைக்கு 10 மி.கி. ஆகும். படலமே இல்லாத குடுவையில் மி.லி.க்கு 4 கோடி செல்கள் வளர்ந்திருந்தன.

கடைசியாக, வெளி ஆய்வகம் ஒன்றில் உயர்வெப்ப ஜி.பி.சி. (மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும்) முறையில் மூலக்கூறு எடை அளக்கப்பட்டது. பாலித்தீன் சாதாரண வெப்பத்தில் எதிலும் கரையாது. டிரைகுளோரோபென்சீனில் 150° அளவில் கரைத்தே அளக்க முடியும், ஆகவே எல்லா இடத்திலும் இவ்வசதி இருப்பதில்லை. முன்பு 1,18,000, பின்பு 1,16,000. அளவீட்டின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் இரண்டும் ஒன்றே. சங்கிலி எங்கும் அறுபடவில்லை.

நெகிழியை மாற்றும் முடிவு

இன்னும் “வலுவான” பாக்டீரியாவைத் தேடலாமா என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று தீர்மானிக்கப்பட்டது. பாலித்தீனின் முதுகெலும்பு முழுக்கக் கரிமம்–கரிமப் பிணைப்பு. நீரைச் சேர்த்து அதை வெட்டும் நொதி கிடையாது. முதலில் ஆக்சிஜனேற்றம் நடந்து சங்கிலி சிறு துண்டுகளாக வேண்டும், அதுவும் திண்மமாகக் கிடக்கும் பொருளின் மேற்பரப்பில். தொட்டியில் போட்டுச் சில வாரங்களில் முடிக்கும் வேலை அல்ல.

பாட்டிலிலும் பழத்தட்டுகளிலும் இருக்கும் பெட் (பாலிஎத்திலீன் டெரிஃப்தாலேட்) வேறு இனம். அதன் சங்கிலியை, நீரைச் சேர்த்து வெட்டக்கூடிய எஸ்டர் பிணைப்புகள் கோக்கின்றன. தாவர இலைகளின் மேற்பூச்சை வெட்டும் கியூட்டினேஸ் நொதிகள் எஸ்டரை வெட்டியே பழகியவை. ஜப்பானின் சாகாய் நகரில் பெட் மறுசுழற்சி நிலையம் ஒன்றன் அருகே கிடைத்து 2016இல் அறிவிக்கப்பட்ட இடியோனெல்லா சாகாயென்சிஸ் பாக்டீரியா இதற்கென்றே இரண்டு நொதிகள் வைத்திருக்கிறது. ஆனால் 30° வெப்பத்தில், படிகத்தன்மை (சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக் கிடக்கும் பங்கு) 1.9 விழுக்காடே உள்ள மெல்லிய படலத்தைத் தின்ன அதற்கு ஆறு வாரம் பிடித்தது. நிறுவனத்தின் குவியலுக்கு அந்த வேகம் பயன்படாது.

ஆகவே உயிருள்ள பாக்டீரியாவை விட்டு, நொதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடிவானது. தேர்ந்தது இலைமட்கிலிருந்து 2012இல் கண்டறியப்பட்ட எல்.சி.சி. கியூட்டினேஸின் மேம்பட்ட வடிவம், ஐ.சி.சி.ஜி. 2020இல் வெளியான ஆய்வில் அது ஒரு கிராம் பெட்டுக்கு 3 மி.கி. அளவில், 72° வெப்பத்தில், 10 மணி நேரத்தில் 90 விழுக்காடு பெட்டை அதன் மூலப்பொருட்களாகப் பிரித்தது. வெப்பம் முக்கியம்: 65 முதல் 70 டிகிரியை ஒட்டி நீரில் ஊறிய பெட்டின் சங்கிலிகள் இளகத் தொடங்கும், நொதிக்குப் பிடி கிடைக்கும்.

நொதி தயாரிப்பு சிக்கலின்றி முடிந்தது. மரபணுவைச் செயற்கையாக வாங்கி, ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, 18 டிகிரியில் ஓர் இரவு வளர்த்து, செல்லை உடைத்து, 70 டிகிரியில் அரை மணி வைத்தார்கள். ஈ.கோலையின் புரதங்கள் பெரும்பாலும் திரிந்து அடியில் தங்கின, வெப்பம் தாங்கும் நொதி மேலே தெளிவில் நின்றது. லிட்டர் வளர்ப்புக்கு 45 மி.கி. நொதி கிடைத்தது. (மரபணுவை ஏற்றப் பயன்படுத்திய கடத்தியின் பெயரும் பெட்டேதான். குளிர்ப்பெட்டியில் எந்த “பெட்” எது என்று வண்ண நாடா ஒட்டிப் பிரிக்க வேண்டியதாயிற்று.)

நான்கு ஓட்டங்கள்

எல்லா ஓட்டத்துக்கும் பொது: வெந்நீர் உறையுள்ள 1 லிட்டர் கண்ணாடிக் கலன், 500 மி.லி. பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாமல் தாங்கும் கரைசல், 100 மில்லிமோலார், பிஎச் 8.0), 50 கிராம் பெட், 150 மி.கி. நொதி, 68° செல்சியஸ், ஆவி வெளியேறாமல் குளிர்விப்பான். நொதி இல்லாத இணை ஓட்டம் ஒவ்வொரு முறையும் உண்டு. 

முதல் ஓட்டத்தில் பாட்டிலை 3 மி.மீ. செதில்களாக வெட்டிப் போட்டார்கள். 24 மணியில் 4 விழுக்காடே பிரிந்தது. பிஎச் 7.1க்குத்தான் இறங்கியிருந்தது, நொதியும் உயிர்ப்போடு இருந்தது. டி.எஸ்.சி.யில் (சூடாக்கும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் முறை) செதிலின் படிகத்தன்மை 31 விழுக்காடு. பாட்டில் ஊதப்படும்போது சங்கிலிகள் இருதிசையிலும் இழுபட்டு ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், அந்த அடுக்குக்குள் நொதி நுழையாது. இதே ஓட்டத்தில் இன்னொரு தவறும் தெரிந்தது. மாதிரியில் வினையை நிறுத்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினார்கள். விளைபொருளான டெரிஃப்தாலிக் அமிலம் அமிலத்தில் கரையாது, வெண்பொடியாகப் படிந்து வடிகட்டியில் நின்றுவிடும், கரைசலில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி அளவைக் குறைத்துக் காட்டும். சம அளவு டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்து நிறுத்தியதும் எண்கள் நேரானது.

இரண்டாம் ஓட்டத்துக்குப் பழத்தட்டு. தகடாக வார்த்து உடனே குளிர்விப்பதால் அதன் படிகத்தன்மை 6 விழுக்காடுதான். அரைத்து 500 மைக்ரான் சல்லடையில் சலித்துப் போட்டு, இரவு முழுக்க விட்டார்கள். காலையில் 8 விழுக்காட்டில் நின்றிருந்தது, பிஎச் 5.7. கணக்குப் போட்டிருந்தால் முந்தின நாளே தெரிந்திருக்கும். 50 கிராம் பெட்டில் 260 மில்லிமோல் அலகு, ஒவ்வோர் அலகும் பிரிந்தால் இரண்டு அமிலத் தொகுதி, மொத்தம் 520 மில்லிமோல். அரை லிட்டர் பஃபர் தாங்கக்கூடியது 43. அதாவது பெட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு பிரிவதற்குள் பஃபர் தீர்ந்துவிடும்.

மூன்றாம் ஓட்டத்தில் பிஎச் கட்டுப்படுத்தியும் 20 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு செலுத்தும் பம்பும் வந்தன. முழுமையாகப் பிரிந்தால் 85 மி.லி. காரம் செலவாகும், எனவே பம்பின் அளவே முன்னேற்றமானி. காரக் குழாயின் முனை சுழலும் துடுப்புக்கு அருகே நீருக்குள் இருக்க வேண்டும். மேலிருந்து சொட்டினால் சொட்டு விழும் இடத்தில் நொதி திரிந்துபோகும். பிஎச் மின்முனையை அறை வெப்பத்தில் சரிபார்த்து 68 டிகிரியில் போட்டால் பொய் சொல்லும், சரிபார்க்கும் கரைசல்களையும் சூடாக்க வேண்டும். இவ்வளவு செய்தும் 24 மணியில் 44, 48 மணியில் 49 விழுக்காடு, அதற்குமேல் அசையவில்லை.

இங்கே காரணம் அரவை இயந்திரத்தில் இருந்தது. இந்த முறை பெரிய அளவாக ஒரே மூச்சில் 20 நிமிடம் அரைத்திருந்தார்கள். கொட்டும்போது தூள் கைக்குச் சுட்டது என்று உதவியாளர் சொன்னார், இம்முறை கேட்டார்கள். அந்தத் தூளின் படிகத்தன்மை 14 விழுக்காடு. சூடேறிய பெட் அரவைக்குள்ளேயே படிகமாகத் தொடங்கியிருந்தது. கலனின் 68 டிகிரியும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். நொதிக்கும் படிகமாதலுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் 14இல் தொடங்கியது தோற்றுவிட்டது. எஞ்சிய கசடின் படிகத்தன்மை 27 விழுக்காடு.

நான்காம் ஓட்டத்துக்கு உலர்பனிக்கட்டியோடு கலந்து, 30 நொடி அரைத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு அரைத்தார்கள். படிகத்தன்மை 7. தூளை ஒரேயடியாகக் கொட்டினால் காற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து கலனின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தார்கள். முதல் ஐந்து மணியில் 31 மி.லி. காரம் போனது. 24 மணியில் 71 விழுக்காடு, 48 மணியில் 83. நொதி இல்லாத இணைக்கலனில் 48 மணியில் போனது 0.6 மி.லி. மட்டுமே.

எஞ்சியதைப் பார்த்தபோது பாதிக்குமேல் பளபளப்பான மெல்லிய தோல்கள். சில தட்டுகளில் மூடி ஒட்டுவதற்காக உட்புறம் பாலித்தீன் படலம் பதித்திருப்பார்கள். நீரில் பெட் மூழ்கும், பாலித்தீன் மிதக்கும் என்று பிரிக்கும் வழக்கமான முறை இதைப் பிடிக்காது. பெட்டின் அடர்த்தி 1.38 என்பதால் பதித்த படலமும் சேர்ந்தே மூழ்கிவிடும்.

விளைவு

நான்காம் ஓட்டத்தின் கரைசல் வடிகட்டப்பட்டு, கரித்தூளில் நிறம் நீக்கி, கந்தக அமிலத்தால் பிஎச் 2.5க்குக் கொண்டுவரப்பட்டது. வெண்மையாகப் படிந்த டெரிஃப்தாலிக் அமிலம் உலர்ந்தபின் 33.6 கிராம். கணக்குப்படி கிடைக்க வேண்டியது 35.9. கூடவே வடிநீரில் சுமார் 31 கிராம் சோடியம் சல்பேட், பஃபரின் உப்பு தனி.

நிறுவனத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இந்த உப்புதான் முதல் பத்தி. ஒரு டன் பெட் முழுமையாகப் பிரிய 416 கிலோ சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும், 740 கிலோ சோடியம் சல்பேட் மிஞ்சும். நொதி 3 கிலோ வேண்டும். இந்த ஆய்வகத்தின் விளைச்சலில் அதற்கு 66,000 லிட்டருக்கு மேல் பாக்டீரியா வளர்க்க வேண்டும். வளர்ப்பு முறையை மாற்றி விளைச்சலைப் பல மடங்கு கூட்டலாம், உப்பை அப்படிக் குறைக்க முடியாது. நிறுவனத்தின் அளவில் இது தொழிலாகாது என்று நேராகவே எழுதப்பட்டது.

200 லிட்டர் தொட்டி கைவிடப்பட்டது. நிறுவனம் பழத்தட்டுகளில் பாலித்தீன் பதித்தவற்றைத் தனியே பிரிக்கத் தொடங்கியது. ஓரத்தைக் கிழித்து நீட்டினால் உள்படலம் தனியே இழுபடும், கையால் செய்யக்கூடிய சோதனை. அது அவர்களுக்கு உடனடியாக உதவியது, பிரித்த தட்டுகளைச் சாதாரண மறுசுழற்சியாளரே வாங்கிக்கொண்டார். உறைகள் பழையபடி குவிந்திருக்கின்றன.

கருத்தரங்க அமைப்பாளர்களுக்குத் திருத்தம் அனுப்பப்பட்டது. மாணவியின் ஆய்வேட்டில் பாலித்தீன் அத்தியாயம் நீக்கப்படவில்லை. எடை இழப்பு அளவீட்டில் கழுவல், மை, ஈஸ்ட் சாறு ஆகியவை தரும் பிழைகளைப் பற்றிய அத்தியாயமாக மாற்றி எழுதப்பட்டது. தேர்வாளர் அதிகம் கேள்வி கேட்டது அதில்தான்.

இனி மாற்ற வேண்டியவை

சோதனைப் படலம் சந்தை உறையாக இருக்கக் கூடாது. மையோ நிரப்பியோ வழுக்குப் பொருளோ இல்லாத, கலவை தெரிந்த படலத்தில் தொடங்க வேண்டும். சந்தை உறையைத்தான் பார்க்க வேண்டுமென்றால், எடை போடும் முன்பே முழுக் கழுவலையும் ஒருமுறை செய்து எடை நிலைப்பட்டபின் தொடங்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் 8.4 என்ற எண் பிறந்தே இருக்காது.

எடை இழப்பைத் தனிச் சான்றாக ஏற்பதில்லை என்று துறை எழுத்தில் வைத்திருக்கிறது. மூலக்கூறு எடை குறைந்ததா, வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு படலமில்லாக் குடுவையைவிடக் கூடுதலா என்ற இரண்டில் ஒன்றாவது உடன் வர வேண்டும். கரிமக் கணக்கு சோதனைக்கு முன்பே பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

நொதி ஓட்டங்களில் இரண்டாவதும் மூன்றாவதும் தவிர்த்திருக்கக்கூடியவை. அமில அளவும் தூளின் படிகத்தன்மையும் கலனைச் சூடாக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய எண்கள். டி.எஸ்.சி.க்கு 5 மி.கி. தூள் போதும். வீணான ஒவ்வோர் ஓட்டமும் 150 மி.கி. நொதியையும், அதை உண்டாக்க மூன்று லிட்டருக்கு மேல் வளர்ப்பையும் கொண்டுபோனது.

கழுவிய நீரும் எத்தனாலும் இப்போது கொட்டப்படுவதில்லை. குடுவை எண் எழுதி, எடை சரிபார்த்து முடியும்வரை அலமாரியில் நிற்கின்றன. பதிவேட்டில் ஓரக் குறிப்புக்கென்று தனிக் கட்டமும், அதைப் படித்தவர் கையெழுத்திடும் இடமும் சேர்க்கப்பட்டுள்ளன. பாசில்லஸ் இன்னும் கிளிசராலில் உறைந்திருக்கிறது. சிமிழின்மேல் இருந்த “பாலித்தீன்” என்ற சொல்லை அடித்துவிட்டு, அதே பென்சில் கையெழுத்தில் “நீல மை?” என்று எழுதியிருக்கிறது.